தம்பியோடு சேர்ந்து பிரான்சில் விடுமுறை வீடு: கையெழுத்து வைக்க முன்

கேள்வி: வணக்கம் தங்கச்சி. நானும் மனைவியும் லண்டன் ஹரோவில் இருக்கிறோம், இரண்டு பேருக்கும் பிரித்தானியக் கடவுச்சீட்டு. எனக்கு 61 வயது, வருகிற வருடத்தோடு வேலையை விடுகிறேன். மகன் லண்டனில், மகள் பேர்லினில் வேலை. பரிசில் என் தம்பி குடும்பம், அவருக்கும் இரண்டு பிள்ளைகள். இரு குடும்பமும் சேர்ந்து டோர்டோன் மாவட்டத்தில், பெரிகே நகரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கிராமத்தில் பழைய கல்வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். விலை 145,000 யூரோ, ஆளுக்குப் பாதி. ஒருவருக்கு ஏதும் நடந்தால் வீடு மற்றவருக்கு என்று எங்களுக்குள் பேசி முடித்துவிட்டோம். மே முதல் செப்டம்பர் வரை நாங்கள் போய் இருப்பதாகவும், மிச்ச நாளில் வாடகைக்கு விட்டு வரி, பராமரிப்புச் செலவைச் சமாளிப்பதாகவும் திட்டம். ஏஜென்ட் அடுத்த கிழமை கொம்ப்ரொமியில், அதாவது கடைசி உறுதிக்கு முந்திய விற்பனை ஒப்பந்தத்தில், கையெழுத்து வைக்கச் சொல்கிறார். வேறு என்னத்தைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வணக்கம் அண்ணா. முதலில் ஒன்று, அடுத்த கிழமை கையெழுத்து வைக்காதீர்கள். வீடு நல்லதாகவே இருக்கலாம், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முடிந்துபோன விஷயம் மாதிரி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்களே, "ஒருவருக்கு ஏதும் நடந்தால் வீடு மற்றவருக்கு" என்று, அதில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. பிரெஞ்சுச் சட்டத்தில் அது நீங்கள் நினைக்கிற மாதிரி நடக்காது. கூரை, குழாய் எல்லாம் பிறகும் திருத்தலாம். உறுதியில் யார் பெயர், எத்தனை பங்கு, எந்த முறையில் என்பதைப் பிறகு திருத்தப் போனால் திரும்பவும் நொத்தாரிசுக்குச் செலவு, திரும்பவும் வரி.

இங்கிலாந்தில் ஜொயின்ட் டெனன்சியாக வாங்கினால் ஒருவர் போனதும் வீடு மற்றவருக்குத் தானாகப் போய்ச் சேரும். அந்தப் பழக்கத்தில்தான் நீங்கள் இரண்டு பேரும் பேசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிரான்சில் இருவர் வேறு ஏற்பாடு ஒன்றும் செய்யாமல் சேர்ந்து வாங்கினால் அதை எந்திவிசியோன் என்பார்கள், பிரிக்கப்படாத பங்கு. ஊரில் பிரிபடாத காணிப் பங்கால் வந்த வழக்குகளைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. தம்பிக்கு ஏதும் நடந்தால் அவருடைய பாதி அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும், உங்களுக்கு வராது. அவர் உயில் எழுதி உங்களுக்குத் தரலாமே என்றால், இரண்டு பிள்ளைகள் உள்ளவர் தன் முழுச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும்தான் விரும்பியவருக்குக் கொடுக்கலாம், மிச்சம் மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கென்று சட்டம் ஒதுக்கி வைத்தது. சரி, அவரிடம் பரிசில் வேறு சொத்து இருக்கிறது, இந்த வீட்டுப் பங்கு அந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சகோதரருக்கு வரிவிலக்கு வெறும் 15,932 யூரோ. அதற்கு மேல் முதல் 24,430 யூரோவுக்கு 35 சதவீதம், அதையும் தாண்டினால் 45 சதவீதம். தம்பியின் பாதி 72,500 யூரோ என்றால் நீங்கள் கட்ட வேண்டிய வரி கிட்டத்தட்ட 23,000 யூரோ. அதே பங்கு அவருடைய சொந்தப் பிள்ளைக்குப் போனால் ஒரு பெற்றோரிடமிருந்து ஒரு பிள்ளைக்கு 100,000 யூரோ வரை விலக்கு இருப்பதால், வேறு பெரிய சொத்து இல்லாவிட்டால், ஒரு சதமும் இல்லை. பிரெஞ்சு வரிச்சட்டம் சொத்து மேலிருந்து கீழே இறங்குவதைத்தான் விரும்புகிறது, பக்கவாட்டில் போனால் பிழிந்து எடுத்துவிடும்.

ஒருவரும் சாகாவிட்டாலும் எந்திவிசியோன் சுலபமான சங்கதி இல்லை. வீட்டை விற்க எல்லாப் பங்காளிகளும் சம்மதிக்க வேண்டும். ஆனால் எவரையும் பங்காளியாக நீடிக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அதே சிவில் சட்டத்தில் 815ஆம் பிரிவு, அதனால் ஒருவர் வெளியேற நினைத்தால் மற்றவர் அவருடைய பங்கை வாங்க வேண்டும் அல்லது வீடு விற்பனைக்குப் போக வேண்டும். தம்பிக்கு வியாபாரத்தில் கடன் வந்தால் கடன்காரரும் பங்கு பிரிக்கச் சொல்லி நீதிமன்றம் போகலாம். நீங்களும் தம்பியும் இருக்கும்வரை இதெல்லாம் தேவைப்படாது என்று சொல்வீர்கள், எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. நான் யோசிப்பது உங்கள் மகளும் தம்பியின் மகனும் ஒரே வீட்டுக்குப் பங்காளிகளாக நிற்கப்போகிற காலத்தை. ஒருவர் பேர்லினில், மற்றவர் பரிசில், பொதுவான மொழியும் அரைகுறை, கூரைக்கு ஓடு மாற்ற 20,000 யூரோ கேட்டு மதிப்பீடு வந்திருக்கிறது. அந்த நிலைமையை அவர்களுக்கு விட்டுவிட்டுப் போக வேண்டுமா என்பதை இப்போதே யோசியுங்கள்.

அப்படியென்றால் என்ன செய்வது? உங்களிடம் முழுக் காசும் இருந்தால் நீங்களும் மனைவியும் மட்டும் வாங்குங்கள். தம்பி குடும்பம் ஒவ்வொரு கோடைக்கும் வந்து நிற்கட்டும், ஒரு திறப்பு அவரிடமே இருக்கட்டும், அதற்குப் பங்கு எழுதத் தேவையில்லை. தம்பியின் காசு இல்லாமல் முடியாது, அல்லது அவருக்கும் சொந்தமாக ஒன்று வேண்டும் என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நொத்தாரிசு முன்னால் ஒரு பங்காளி உடன்படிக்கை எழுதுவது. ஐந்து வருடத்துக்கு எழுதிப் புதுப்பித்துக்கொண்டு போகலாம். யார் எந்த மாதம் இருப்பது, செலவு எப்படிப் பிரிப்பது, ஒருவர் விலகினால் விலை எப்படித் தீர்மானிப்பது, இறந்தவரின் பங்கை மற்றவர் வாங்கலாமா என்பதெல்லாம் அதில் வரும். பங்கையும் கொடுத்த காசுக்கு ஏற்றபடி எழுதச் சொல்லுங்கள், நீங்கள் 60 போட்டு அவர் 40 போட்டால் உறுதியிலும் 60, 40 என்றே விழ வேண்டும், அன்புக்காகப் பாதி என்று எழுதாதீர்கள். இரண்டாவது, எஸ்சிஐ என்கிற குடும்பச் சொத்துக் கம்பனி. வீடு கம்பனிக்குச் சொந்தம், உங்கள் கையில் பங்குகள், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் அதற்கு வருடாவருடம் கணக்கு, கூட்டக் குறிப்பு எல்லாம் வேண்டும், தளபாடத்தோடு விடுமுறை வாடகைக்கு வழக்கமாக விட்டால் அந்தக் கம்பனி பெருநிறுவன வரிக்குள் போய்விழும், லண்டன் பக்கத்து வரிக்கணக்கும் சிக்கலாகும். 145,000 யூரோ வீட்டுக்கு, அதுவும் நீங்கள் வாடகை யோசனையோடு வருகிறபோது, நான் எஸ்சிஐயைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மனைவி விஷயம் இதைவிட நல்லது. பிரான்சில் கணவன் மனைவிக்கிடையே மரணச் சொத்துவரி 2007 முதல் இல்லை. பிள்ளைகளுக்கும் இந்த விலையில் பிரெஞ்சு வரி வராது. ஆனால் வீடு முழுவதும் முதலில் மனைவிக்கே போக வேண்டும், பிள்ளைகள் பிறகு பார்த்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் விரும்பினால் அதை எழுதி வைக்க வேண்டும். ஒன்றும் எழுதாவிட்டால் அந்த வீட்டுக்குப் பிரெஞ்சு வாரிசுச் சட்டம் பொருந்தும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வாரிசு ஒழுங்குவிதி ஒன்று 2015 ஓகஸ்ட் 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரித்தானியா அதில் சேரவே இல்லை, ஆனாலும் பிரான்ஸ் அதைப் பின்பற்றுவதால், பிரித்தானியக் குடியுரிமை உள்ள நீங்கள் "என் சொத்துக்கு இங்கிலாந்து, வேல்ஸ் சட்டமே பொருந்த வேண்டும்" என்று உயிலில் தெளிவாகத் தெரிவு செய்யலாம். இதில் ஒரு முடிச்சு உண்டு. 2021 நவம்பர் முதல் பிரான்ஸ் ஒரு புதுச் சட்டம் வைத்திருக்கிறது: இறந்தவரோ அவருடைய பிள்ளைகளில் ஒருவரோ ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருந்தால், ஒதுக்கீடு கிடைக்காத பிள்ளை பிரான்சில் உள்ள சொத்திலிருந்து தன் பங்கைக் கேட்டு வாங்கலாம். உங்கள் மகள் பேர்லினில் இருக்கிறார் இல்லையா, அதனால் இது உங்களுக்குப் பொருந்தும். மகள் கேட்க மாட்டாள் என்று நீங்கள் சொல்வீர்கள், கேட்காமலும் இருப்பார், ஆனால் கேட்கலாம் என்று அவருக்கு அறிவிக்க வேண்டியது நொத்தாரிசின் கடமை. அந்தக் கடிதம் வருகிற நேரத்தில்தான் அவர் இதை முதன்முதலாகக் கேள்விப்பட வேண்டுமா? வீடு வாங்க முன் பிள்ளைகள் இரண்டு பேரையும் இருத்திக் கதைத்துவிடுங்கள்.

உயில் எழுதும்போது இன்னொரு கவனம். லண்டனில் ஒரு உயில், பிரான்சில் ஒரு உயில் என்று வைத்திருப்பவர்கள், பிறகு எப்போதாவது லண்டன் உயிலைப் புதுப்பிக்கும்போது "இதற்கு முந்திய எல்லா உயில்களையும் ரத்துச் செய்கிறேன்" என்ற வழமையான வரி உள்ளே வந்து பிரெஞ்சு உயிலையும் சேர்த்து அடித்துவிடும். எழுதுகிற சட்டத்தரணிக்குப் பிரான்சில் ஒரு உயில் இருக்கிறது என்று சொல்லுங்கள். லண்டனில் நீண்டகாலம் வசிப்பவர் என்பதால் பிரித்தானிய மரணச் சொத்துவரிக் கணக்கிலும் இந்த வீடு சேரும், பிரான்சில் கட்டியதைக் கழிப்பார்கள்.

இனி மே முதல் செப்டம்பர். பிரித்தானியக் கடவுச்சீட்டோடு விசா இல்லாமல் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் ஷெங்கன் நாடுகளுக்குள் இருக்கலாம். ஐந்து மாதம் என்பது ஏறக்குறைய 150 நாள். வீட்டு உறுதி கையில் இருந்தால் கூட நாள் தருவார்கள் என்று பலர் நம்புகிறார்கள், ஒரு நாளும் கூடத் தர மாட்டார்கள். பிரான்சில் வீடு வைத்திருக்கும் பிரித்தானியர்களுக்குத் தானாக நீண்டகால விசா கொடுக்கிற ஒரு திருத்தம் குடிவரவுச் சட்டத்தில் வந்தது உண்மை, 2024 ஜனவரியில் அரசியலமைப்பு மன்றம் அதை நீக்கிவிட்டது. உங்களுக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது, பேர்லினில் மகளோடு நிற்கிற நாட்களும் அதே 90இல்தான் கழியும், உள்ளே போகிற நாளும் வெளியே வருகிற நாளும் சேர்த்து. 2025 ஒக்டோபர் 12 முதல் எல்லையில் விரல் அடையாளமும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதியத் தொடங்கிவிட்டார்கள், ஆகவே முத்திரை தெளிவில்லை, அதிகாரி எண்ண மாட்டார் என்கிற காலம் போய்விட்டது. நீங்கள் கேட்க வேண்டியது ஆறு மாதம் வரைக்குமான தற்காலிக நீண்டகால விசா. அதைப் பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்னிருந்து லண்டனில் விண்ணப்பிக்கலாம். வருமானம் அல்லது சேமிப்பு, மருத்துவக் காப்புறுதி, தங்குமிடம், அங்கே வேலை செய்ய மாட்டேன் என்ற கடிதம், இவ்வளவும் கேட்பார்கள். ஒவ்வொரு வருடமும் புதிதாக எடுக்க வேண்டும், உங்களுக்கு வேறு மனைவிக்கு வேறு. அல்லது மே, ஜூனில் ஆறு கிழமை, திரும்பிவந்து ஓகஸ்ட், செப்டம்பரில் ஆறு கிழமை என்று பிரித்தால் விசாவே தேவையில்லை. உண்மையைச் சொன்னால் வேலை விட்ட முதல் வருடத்துக்கு இதுதான் நல்லது, ஐந்து மாதம் ஒரு கிராமத்தில் இருக்கப் பிடிக்குமா என்று உங்களுக்கே இன்னும் தெரியாது.

காசுப் பக்கம். பழைய வீட்டுக்கு விலைக்கு மேல் 7 முதல் 8 சதவீதம் நொத்தாரிசிடம் கட்ட வேண்டும், அதில் பெரும்பகுதி அரசாங்கத்துக்குப் போகிற வரி. 145,000க்கு 11,000 யூரோவுக்குக் கிட்டவாக வரும். கொம்ப்ரொமியில் கையெழுத்து வைத்ததும் 5 முதல் 10 சதவீதம் முற்பணம் கேட்பார்கள். வாங்குகிறவருக்குப் பத்து நாள் மனம் மாற உரிமை உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை, ஆனால் அந்தப் பத்து நாளுக்குப் பிறகு விலகினால் முற்பணம் போய்விடும். கொம்ப்ரொமியிலிருந்து கடைசி உறுதிக்கு மூன்று மாதம் அளவில் எடுக்கும். விற்பவரின் நொத்தாரிசே உங்களுக்கும் போதும் என்று ஏஜென்ட் சொல்வார், சட்டப்படி சரிதான். ஆனால் உங்களுக்கென்று ஒருவரை வைத்தால் கூலி இரண்டு பேருக்குள்ளும் பிரியும், உங்களுக்குக் கூடச் செலவு வராது, அதனால் வையுங்கள். தம்பிக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதற்காக அவர் மொழிபெயர்த்தால் போதும் என்று இருக்காதீர்கள், அவரும் பங்காளியாக நிற்கும்போது உங்களுக்கு வேறு மொழிபெயர்ப்பாளர்தான் முறை.

எங்கள் ஆட்கள் இடறுகிற இடம் இரண்டு உண்டு. ஒன்று, காசு எங்கிருந்து வந்தது என்பது. பிரான்சில் வீட்டுக் காசு 3,000 யூரோவைத் தாண்டினால் நொத்தாரிசுக்கு வங்கி வழியாகத்தான் போக வேண்டும், அது எப்படிச் சேர்ந்தது என்று கேட்பது அவருடைய சட்டக் கடமை. சீட்டு எடுத்த காசு, மச்சானிடம் கைமாற்றாக வாங்கிய காசு, கொழும்பில் வீடு விற்று வந்த காசு என்றால் இப்போதே கடிதமும் வங்கிக் கூற்றும் சேர்த்து வையுங்கள். கையில் உள்ளதைக் கடைசி மாதத்தில் வங்கியில் போட்டுவிட்டு விளக்கம் தேடினால் உறுதி தள்ளிப்போகும். மற்றது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, விவாகப் பதிவில் அப்பாவின் பெயர் முன்னால், பரிசில் தம்பிக்குக் குடும்பப் பெயராக விழுந்தது லண்டனில் உங்களுக்கு முதற்பெயர். சகோதரர்கள் என்று நிரூபிக்கவே கடதாசி தேவைப்படலாம். நொத்தாரிசு பிறப்பு, விவாகச் சான்றிதழ்களைப் பிரெஞ்சில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்போடு கேட்பார், இதற்கு மட்டும் ஒரு மாதம் ஒதுக்குங்கள். நொத்தாரிசின் வங்கிக் கணக்கு இலக்கம் மின்னஞ்சலில் வந்தால் அதை நம்பிக் காசு அனுப்பாதீர்கள், அலுவலகத்துக்கு நீங்களே தொலைபேசி எடுத்து இலக்கத்தை வாசித்துச் சரிபாருங்கள். மின்னஞ்சலைக் களவாடி வேறு கணக்கு இலக்கம் அனுப்புகிற மோசடி இப்போது சாதாரணம், போன காசு திரும்ப வருவது அருமை.

வீட்டைப் பற்றிக் கிராமத்து வீட்டுக்கே உரிய சில கேள்விகள் இருக்கின்றன. அந்த வீடு பொதுக் கழிவுநீர்க் குழாயில் இணைந்திருக்கிறதா, மலக்குழியா? மலக்குழி என்றால் உள்ளூராட்சிப் பரிசோதகரின் அறிக்கை மூன்று வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். அதில் தரமில்லை என்று இருந்தால் வாங்கின நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் நீங்கள்தான் திருத்த வேண்டும், பத்தாயிரம் யூரோவுக்கு மேலேயும் போகக்கூடிய வேலை அது. விலை பேசும்போதே இதைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். கறையான், ஈயம், அஸ்பெஸ்டஸ், மின்சாரம், சக்தித் தரம் எல்லாவற்றுக்கும் அறிக்கைகளை விற்பவர் தர வேண்டும். தென்மேற்குப் பிரான்சில் கறையான் ஒரு பெரிய தலைவலி, அந்த அறிக்கை ஆறு மாதம்தான் செல்லும், திகதியைப் பாருங்கள். சக்தித் தரம் ஈ, எஃப், ஜி என்று இருந்தால் தனியான சக்தித் தணிக்கை அறிக்கையும் தர வேண்டும், அதை வாசித்தால் வீட்டில் என்ன குறை என்று ஏஜென்ட் சொல்வதைவிடத் தெளிவாகத் தெரியும். அரசாங்கத்தின் ஜியோரிஸ்க் இணையத்தளத்தில் முகவரியைப் போட்டால் வெள்ளம், களிமண் சுருங்கிச் சுவர் வெடிக்கிற ஆபத்து எல்லாம் இலவசமாகக் காட்டும். காட்டுக்குப் பக்கத்து வீடு என்றால் தீ ஆபத்து உள்ள பகுதிகளில் வீட்டைச் சுற்றி 50 மீட்டருக்குப் பற்றை வெட்டி வைக்கிற பொறுப்பும் சொந்தக்காரருக்கு.

ஒரு நாள் எடுத்துக் கிராமத்து மெரிக்குப் போங்கள், நகரசபை மாதிரி, சின்ன ஊரில் ஒரு செயலாளர் கிழமையில் சில நாள் இருப்பார். காணி வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பின்வளவுக்குப் போகிற பாதை யாருடையது, பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் முற்றத்தால் உழவு இயந்திரம் கொண்டுபோக உரிமை இருக்கிறதா, கிணறு பொதுவா? வழிவாய்க்கால், கிணற்றுப் பங்கு என்று நம் உறுதிகளில் எழுதுவோமே, அங்கேயும் அதே சண்டைகள்தான், பிரெஞ்சில் நடக்கும்.

வருடாந்த வரி இரண்டு. ஜனவரி 1ஆம் திகதி யார் சொந்தக்காரரோ அவருக்கு வருகிற நில, கட்டட வரி தாக்ஸ் ஃபொன்சியேர், இலையுதிர் காலத்தில் பட்டியல் வரும். அதற்குப் பிறகு குடியிருப்பு வரி தாக்ஸ் தாபிதாசியோன். பரிசில் தம்பி "அது எடுத்துவிட்டார்களே" என்று சொல்லியிருந்தால், நிரந்தர வீட்டுக்குத்தான் 2023 முதல் எடுத்தார்கள், இரண்டாவது வீட்டுக்கு இன்னும் உண்டு. அது உங்களுக்கு இரண்டாவது வீடு என்று வரித் திணைக்கள இணையத்தளத்தில் நீங்கள் பதிய வேண்டும், ஜூலைக்கு முன். பதியாவிட்டால் 150 யூரோ தண்டம். இவற்றோடு காப்புறுதி, மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் ஆளில்லாவிட்டாலும் வருகிற நிலையான கட்டணம், புல் வெட்டு, புகைபோக்கித் துப்புரவு எல்லாம் சேர்த்து வாங்கிய விலையில் வருடத்துக்கு 3 சதவீதத்தையாவது ஒதுக்கி வைக்கச் சொல்வேன், கல்வீடு என்றாலும் அதைவிடக் குறைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். இந்தக் கட்டணங்களுக்குப் பிரெஞ்சு வங்கிக் கணக்கு ஒன்று இருந்தால் வேலை சுலபம்.

வாடகையால் இதைச் சமாளிக்கலாம் என்கிறீர்கள். டோர்டோனுக்கு ஆட்கள் வருகிற காலம் ஜூலையும் ஓகஸ்டும், கொஞ்சம் ஜூனும் செப்டம்பரும். நீங்கள் வீட்டில் இருக்கப்போவதும் அதே மாதங்கள்தான். நவம்பரில், பெப்ரவரியில் ஈரக் குளிரில் தடித்த கல்சுவர் வீட்டுக்கு யார் காசு கொடுத்து வருவார்கள்? வந்தாலும் சூடாக்குகிற செலவு வாடகையில் பாதியைத் தின்னும். விடத்தான் போகிறீர்கள் என்றால் மெரியில் அறிவித்துப் பதிவு எண் எடுக்க வேண்டும், நாடு முழுவதும் 2026 மே 20க்குள் எல்லாருக்கும் இது கட்டாயம் என்று சட்டம். தரச்சான்று எடுக்காத விடுமுறை வீட்டுக்கு 15,000 யூரோ வரை எளிய கணக்கு முறை, அதில் 30 சதவீதத்தைச் செலவாகக் கழிப்பார்கள், மிச்சத்துக்கு வெளிநாட்டில் வசிப்பவருக்குக் குறைந்தபட்சம் 20 சதவீத வரி, அதற்கு மேல் சமூகப் பங்களிப்பு. 4,000 யூரோ வாடகை வந்தால் 2,800க்கு வரி, 560 யூரோ அதிலேயே போகும். லண்டனிலும் அதே வருமானத்தைக் காட்ட வேண்டும், பிரான்சில் கட்டியதைக் கழிக்கலாம். விடுமுறை வாடகைக்கு லண்டனில் இருந்த தனிச் சலுகை 2025 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. வாடகை வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் இந்த வீட்டை நடத்த முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் வாங்காதீர்கள்.

குளிர்காலம்தான் ஆளில்லாத வீட்டின் எதிரி. செப்டம்பர் கடைசியில் பூட்டிவிட்டு வரும்போது தெருவோரத்து மூடிக்கடியில் இருக்கிற மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள பிரதான தண்ணீர்க் குழாயை மூடுங்கள், பிறகு வீட்டில் ஆகக் கீழே இருக்கிற குழாயைத் திறந்துவிட்டுக் குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் முழுவதையும் வடியவிடுங்கள், கழிவறைத் தொட்டியையும் ஒருமுறை அழுத்தி வெறுமையாக்குங்கள். குழாயில் தண்ணீர் நின்று உறைந்தால் வெடிப்பது ஜனவரியில், உருகி ஒழுகத் தொடங்குவது பெப்ரவரியில், நீங்கள் காண்பது மே மாதம். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திக் கதவுக்கு நடுவில் ஒரு துவாயை மடித்து வைத்துத் திறந்தபடி விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மெத்தைகளைத் தூக்கி நிமிர்த்தி வையுங்கள், அரிசி, பருப்பு, மா ஒன்றும் தகர டப்பாவுக்கு வெளியே இருக்கக் கூடாது, எலி வரும். காப்புறுதி ஒப்பந்தத்தில் எத்தனை நாள் ஆளில்லாமல் இருக்கலாம், ஜன்னல் மரக்கதவுகள் பூட்டியிருக்க வேண்டுமா, தண்ணீர் மூட வேண்டுமா என்ற நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது வீடு என்று சொல்லியே காப்புறுதி எடுங்கள், நிரந்தர வீடு என்று எடுத்தால் மலிவாக இருக்கும், இழப்பீடு கேட்கிற நேரத்தில் மறுத்துவிடுவார்கள்.

தம்பி பார்த்துக்கொள்வார் என்று எழுதவில்லைதான், ஆனால் மனதில் அது இருக்கும். பரிசிலிருந்து பெரிகே ஏறத்தாழ 500 கிலோமீட்டர், புயலுக்கு ஓடு பறந்தால் அவர் வேலை முடித்து வந்து பார்க்கிற தூரம் இல்லை. லண்டனிலிருந்து பெர்ஜராக்குக்கு விமானம் உண்டு, குளிர்காலத்தில் குறைந்துவிடும். கிராமத்தில் ஒருவரிடம் திறப்பு இருக்க வேண்டும், அவருக்குச் சம்பளம் கொடுத்து, ரசீதோடு. வீட்டைப் பார்க்கப் போகிற நாளிலேயே விற்பவரிடம் இதுவரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

விற்பது பற்றி ஒரு வார்த்தை மட்டும். பிரான்சில் வைத்திருக்கிற வருடம் கூடக் கூட இலாப வரி குறைந்து 22 வருடத்தில் வருமான வரிப் பகுதியும் 30 வருடத்தில் சமூகப் பங்களிப்பும் இல்லாமல் போகும். லண்டனில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே பவுண்டில் கணக்குப் பார்ப்பார்கள், நாணய மாற்றத்தால் வந்த இலாபத்துக்கும் சேர்த்து. வாங்குகிற நாளின் மாற்று விகிதத்தையும், செய்கிற ஒவ்வொரு பெரிய திருத்த வேலையின் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது: ஏஜென்டுக்கு, வீட்டை வாங்க விருப்பம் உண்டு, ஆனால் கொம்ப்ரொமியை அவருடைய கந்தோரில் வைக்காமல் நொத்தாரிசிடம் வைத்தே எழுத வேண்டும் என்று எழுத்தில் அறிவியுங்கள், மலக்குழி அறிக்கையையும் மற்ற அறிக்கைகளையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். வாங்குகிறவர் தனக்குப் பதிலாக இன்னொருவரை நிறுத்தலாம் என்கிற வாசகத்தைக் கொம்ப்ரொமியில் சேர்க்கச் சொல்லுங்கள், அது இருந்தால் நீங்களும் தம்பியும் எந்த முறையில் வாங்குவது என்று முடிவெடுக்கக் கடைசி உறுதி வரைக்கும் நேரம் கிடைக்கும். தம்பிக்கு இந்தப் பதிலை அனுப்பி, மரணச் சொத்துவரி பற்றிய பகுதியை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். வேறு யாரோ அந்த வீட்டில் கண் வைத்திருக்கிறார்கள் என்று ஏஜென்ட் அவசரப்படுத்தினால், அறிக்கைகள் வந்ததும் மறுநாளே கையெழுத்து என்று சொல்லுங்கள்.